ஃபேட்ஸ் டாமினோவின் வலது கை

1955 செப்டம்பரில் அமெரிக்க இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு ‘எய்ன்ட் தட் எ ஷேம்’. பாடியவர் பாட் பூன். வயது இருபத்தொன்று, வெள்ளைக் காலணி, படிய வாரிய தலை. பெண்ணைப் பெற்றவர்கள் பார்த்தால் மறுபேச்சுப் பேசாமல் சம்மதிக்கக்கூடிய தோற்றம். அந்தப் பாட்டை எழுதியவர் அவரல்ல, முதலில் பாடியவரும் அவரல்ல. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினப் பியானோக்காரர் ஃபேட்ஸ் டாமினோவும் அவருடைய இசைக்குழுவை நடத்திய டேவ் பார்த்தலோமியூவும் சேர்ந்து எழுதியது அது. டாமினோ அதை மார்ச் மாதமே பாடிப் பதிவு செய்துவிட்டார். ஆனால் அந்தப் பொதுப் பட்டியலில் அவருடைய தட்டு பத்தாம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.

ராக் அண்ட் ரோல் என்றதும் நமக்கெல்லாம் எல்விஸ் பிரெஸ்லியின் முகம்தான் முன்னால் வந்து நிற்கும். எல்விஸ் எனக்கும் பிடித்தவர்தான். ஆனாலும் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் டாமினோவைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கீபோர்டில் ‘ஸ்லோ ராக்’ என்று ஒரு தாளம் பதிந்தே வரும். மேடையில் பாடகர் இரண்டு வரி முணுமுணுத்ததும், “அண்ணே, ஸ்லோ ராக் போட்டுக்கோங்க” என்று பக்கத்திலிருந்து தம்பிகள் குரல் கொடுப்பார்கள். பொத்தானை அழுத்தினால் தகிட தகிட தகிட தகிட என்று ஓடும். நாலு அடிக்குப் பன்னிரண்டு தட்டு. நம் கணக்கில் திஸ்ர நடை. இந்த நடையை உலகத்தின் காதில் ஏற்றிவிட்ட கைகளில் முதன்மையானது டாமினோவின் வலது கை.

அவரே கண்டுபிடித்தார் என்று சொல்ல மாட்டேன். லிட்டில் வில்லி லிட்டில்ஃபீல்டு என்ற பியானோக்காரர் 1949இலேயே இப்படி மும்மூன்றாகத் தட்டி வாசித்து ஒரு தட்டு வெளியிட்டிருந்தார். டாமினோ அதைப் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆண்டிலிருந்து தன் பாட்டுகளில் வைக்க ஆரம்பித்தார். பிறகு ஐம்பதுகளின் மெதுவான காதல் பாட்டுகளில் பாதி அந்த நடையில்தான் நடந்தன என்று சொல்லும் அளவுக்கு அது பரவிவிட்டது.

ஆன்ட்வான் டாமினோ 1928 பிப்ரவரி 26 அன்று நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். வீட்டில் பேசியது கிரியோல் பிரெஞ்சு. பியானோ சொல்லிக்கொடுத்தவர் அக்காள் புருஷன் ஹாரிசன் வெரெட், அவரும் இசைக்காரர்தான். பகலில் கிடைத்த வேலை, ராத்திரி மதுக்கடையில் பியானோ என்று வளர்ந்த பையனைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்ட பில்லி டைமண்ட்தான் ‘ஃபேட்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1949இல் இம்பீரியல் என்ற தட்டு நிறுவனத்தை நடத்திய லூ சட், பார்த்தலோமியூவோடு போய் அவர் வாசிப்பதைக் கேட்டார். அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று முதல் பதிவு.

பதிவு நடந்த இடம் ராம்பர்ட் தெருவில் காஸிமோ மடாஸா நடத்திய ஜே அண்ட் எம் என்ற ஒலிப்பதிவுக் கூடம். கூடம் என்பது பெரிய வார்த்தை. முன்னால் குடும்பத்தின் கடை. வீட்டுச் சாமானும் இசைத்தட்டும் விற்பார்கள். பின்னால் ஒரு சின்ன அறை, நாலைந்து பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும். ஆரம்ப நாட்களில் டேப் கூடக் கிடையாது. சுழலும் தட்டிலேயே நேராக ஒலியை வெட்ட வேண்டும். இன்றைக்குப் போலப் பாட்டைத் தனியாகவும் டிரம்மைத் தனியாகவும் எடுத்து ஒட்ட முடியாது. பாடகரும் குழுவும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருவர் தப்புச் செய்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாக்ஸபோன் சத்தம் தூக்கலாக இருந்தால் குறைப்பதற்குக் குமிழ் இல்லை. வாசிப்பவரை இரண்டடி பின்னால் போய் நிற்கச் சொல்வார்கள். அவ்வளவுதான் ஒலிக்கலவை. மேடையில் மைக்கோடு மல்லுக்கட்டிப் பழகிய எனக்கு அந்த அறையில் வேலை பார்த்தவர்கள்மேல் அளவில்லாத மரியாதை உண்டு.

அன்று பதிவான ‘தி ஃபேட் மேன்’ பாட்டை எப்போது கேட்டாலும் முதலில் பிடித்து இழுப்பது டிரம். வாசித்தவர் ஏர்ல் பாமர். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினால் இரண்டிலும் நாலிலும் அடி விழுகிறது. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் குழுக்களில் பாட்டு முடிகிற கட்டத்தில் மட்டும், எல்லோரும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும்போது, இப்படி அடிப்பது வழக்கம். பாமர் அதை முதல் அடியிலிருந்து கடைசி வரைக்கும் அடித்தார். உச்சத்திலேயே தொடங்கி உச்சத்திலேயே முடிகிற பாட்டு! நடுவில் டாமினோ சொற்களை விட்டுவிட்டு, மூடி போட்ட டிரம்பெட் மாதிரி ‘வா வா’ என்று வாயாலேயே ஒரு சுற்று வாசிக்கிறார். ராக் அண்ட் ரோலின் முதல் தட்டு எது என்ற சண்டையில் இந்தத் தட்டின் பெயரும் தவறாமல் வரும். என்னைக் கேட்டால் அந்தச் சண்டைக்குத் தீர்ப்பே தேவையில்லை. அந்த டிரம் அடியை ஒரு தடவை கேட்டாலே போதும்.

இனி பட்டியலுக்கு வருகிறேன். பில்போர்டு என்ற இசைத்தொழில் வாரப் பத்திரிகைதான் இந்தப் பட்டியல்களைப் போட்டது. இன்றைக்குப் போல ஒரே பட்டியல் இல்லை. கடைகளில் அதிகம் விற்றவை, வானொலியில் அதிகம் ஒலித்தவை, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ்களில் அதிகம் ஓடியவை என்று தனித்தனி. எல்லாவற்றையும் இணைத்த ‘ஹாட் 100’ 1958 ஆகஸ்ட்டில்தான் வந்தது. இதைவிட முக்கியமான பிரிவினை வேறு. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் கடைகளையும் ஜூக்பாக்ஸ்களையும் விசாரித்துத் தனியாக ஒரு பட்டியல். முதலில் அதற்கு ‘இன’ இசைத்தட்டுகள் என்றே பெயர் இருந்தது. 1949இல் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, சுவர் மாறவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்துப் பட்டியலில் டாமினோவின் ‘எய்ன்ட் தட் எ ஷேம்’ பதினோரு வாரம் முதலிடத்தில் இருந்தது. இந்தப் பக்கத்தில் பத்தாவது. வெள்ளையர் வானொலிகள் பலவும் கறுப்பினப் பாடகரின் தட்டைத் தொடாது, அதே பாட்டை ஒரு வெள்ளைப் பாடகர் பாடினால் ஓடவிடும். தட்டு நிறுவனங்களுக்கு இது தெரியும். அங்கே ஒரு பாட்டு ஏற ஆரம்பித்த உடனே இங்கே ஒருவரைப் பாடவைத்து அவசரமாக வெளியிடுவார்கள். பாட் பூன் பாடிய டாட் நிறுவனத்துக்கு இது பழகிய தொழில்.

இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். டாமினோ ஒரு சொற்றொடரைப் பாடி நிறுத்துவார். குழு மொத்தமும் சேர்ந்து இரண்டு குத்து. மறுபடியும் சொற்றொடர், மறுபடியும் குத்து. பல்லவி வந்ததும் அந்தத் தகிட தகிட அவிழ்ந்து ஓடும். நடுவில் ஹெர்ப் ஹார்டஸ்டியின் சாக்ஸபோன் அவசரமே இல்லாமல் வந்து போகும். பூனின் தட்டிலும் மெட்டு அதேதான், சொற்களும் அவைதான். ஆனால் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கும்.

சட்டம் இதற்கு இடம் கொடுத்தது. 1909ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகி வெளிவந்துவிட்டால் வேறு யார் வேண்டுமானாலும் அதைப் பாடி விற்கலாம். ஒரு தட்டுக்கு இரண்டு சென்ட் பாட்டின் உரிமையாளருக்குக் கொடுத்தால் போதும். பதிப்புரிமை மெட்டுக்கும் சொல்லுக்கும் மட்டுமே. அந்த டிரம் அடி, சாக்ஸபோன் நெளிவு, வலது கையின் தகிட, குரலின் குழைவு எதற்கும் ஒரு சென்ட் கிடையாது. ஒலிப்பதிவு என்ற ஒன்றுக்கு அந்த நாட்டின் மத்தியச் சட்டம் பாதுகாப்பு கொடுத்ததே 1972இல்தான். ராக் அண்ட் ரோலை ராக் அண்ட் ரோலாக ஆக்கிய எல்லாமே காகிதத்தில் எழுத முடியாத பகுதியில் இருந்தது. அதற்குப் பட்டியலிலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை. வாசிப்பையே தொழிலாகக் கொண்ட யாருக்கும் இது நெஞ்சில் தைக்கும்.

லாவெர்ன் பேக்கர் என்ற பாடகி இதை எதிர்த்துப் போராடினார். அவருடைய ‘ட்வீடில் டீ’ பாட்டை ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைப் பாடகி இசையமைப்பு, ஏற்ற இறக்கம் ஒன்று விடாமல் அப்படியே நகலெடுத்துப் பாடினார். கிப்ஸின் தட்டுதான் பெரிய வெற்றி. பாட்டை நகலெடுக்கட்டும், என் பாணியை நகலெடுப்பதையாவது தடுக்கச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று 1955இல் பேக்கர் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு எழுதினார். சட்டம் வரவில்லை. ஆனால் அந்த மனுவை எழுதிய துணிச்சலுக்காகவே அவருடைய பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

டாமினோ கொஞ்சம் தப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டு எழுதியவர்களில் அவரும் ஒருவர் என்பதால் பூன் தட்டு விற்க விற்க அவருக்கும் பணம் வந்தது. பின்னாட்களில் ஒரு நிகழ்ச்சியில் பூனை மேடைக்கு அழைத்து, தன் விரலில் மின்னிய பெரிய மோதிரத்தைக் காட்டி, இது இவருடைய பாட்டால் வாங்கியது என்று கூட்டத்துக்குச் சொன்னார் என ஒரு கதை உண்டு. அதே டாமினோ, இரண்டு மாதம் பாடுபட்டு எழுதிய பாட்டை இன்னொருவர் உடனே வெளியிட்டது மனதை வருத்தியது என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டுமே உண்மையாக இருந்திருக்கும்.

அதே 1955இல், அதே பின்னறையில், அதே குழுக்காரர்கள் சிலரோடு இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்தார். லிட்டில் ரிச்சர்ட். செப்டம்பர் 14. தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் எதிர்பார்த்த சூடு எந்தப் பாட்டிலும் வரவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ட்யூ டிராப் இன் என்ற விடுதிக்குப் போனார்கள். அங்கே ஒரு பியானோவைப் பார்த்ததும் ரிச்சர்ட் ஏறி உட்கார்ந்து, ராத்திரி மதுக்கடைகளில் பாடும் பச்சையான பாட்டு ஒன்றைக் கூரை பிய்ந்து போகும்படி கத்திப் பாடினார். பிளாக்வெல் தேடிக்கொண்டிருந்தது அதுதான். அந்தச் சொற்களோடு வெளியிட முடியாதே! டாரதி லாபாஸ்ட்ரி என்ற இளம் பாடலாசிரியையைக் கூப்பிட்டுப் புதிய வரிகள் எழுதச் சொன்னார்கள். வரிகள் வந்து சேர்ந்தபோது பதிவு நேரம் முடியக் கால் மணி நேரம்தான் பாக்கி. குழுவின் பியானோக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. நீயே வாசித்துக்கொண்டு பாடு என்று விட்டுவிட்டார்கள். இப்படிப் பிறந்ததுதான் ‘டூட்டி ஃப்ரூட்டி’. டிரம்மில் அதே ஏர்ல் பாமர்.

பொதுப் பட்டியலில் அது பதினேழாம் இடம். பாட் பூன் அதையும் பாடினார், அவருக்குப் பன்னிரண்டு. அடுத்த பாட்டு ‘லாங் டால் சாலி’யைப் பூனின் வாயில் நுழையாத வேகத்தில் அமைக்க வேண்டும் என்று ரிச்சர்டும் பிளாக்வெல்லும் திட்டமிட்டுச் செய்தார்கள். பூன் அதையும் விடவில்லை. ஆனால் இந்த முறை ரிச்சர்ட் ஆறாம் இடம், பூன் எட்டாம் இடம். 1956 அது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நகல் அலுத்துப்போய், அசல் எங்கே என்று தேட ஆரம்பித்திருந்தார்கள். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: ஒரு பியானோக்காரர் வேகத்தையே பூட்டாக்கித் தன் பாட்டைக் காப்பாற்றப் பார்த்த இடம்.

அதே ஆண்டில் டாமினோவுக்கும் கதவு திறந்தது. ‘புளூபெர்ரி ஹில்’ 1940இல் கிளென் மில்லர் இசைக்குழு பிரபலமாக்கிய பழைய பாட்டு. அதை டாமினோ பாடியபோது வரிகள் எழுதிய தாள் காணாமல் போய்விட்டது. முழுப் பாட்டையும் பிசிறில்லாமல் ஒரே தடவையில் பாடி முடிக்க முடியவில்லை. அரைகுறையாகப் பாடியவற்றின் டேப் துண்டுகளை வெட்டி ஒட்டித்தான் முழுப் பாட்டாக்கினார் ஒலிப்பதிவாளர் பன்னி ராபின். அந்த ஒட்டுத் துணி பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. டாமினோ தொட்ட உச்சம் அதுவே. முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் முதல் நாற்பதுக்குள் வந்தன. முதலிடம் ஒருமுறையும் இல்லை.

அவர் மட்டும்தானா? லிட்டில் ரிச்சர்டுக்கும் அந்தப் பொதுப் பட்டியலில் முதலிடம் கிடைத்ததில்லை. ராக் கித்தாருக்கு இலக்கணம் எழுதிய சக் பெர்ரிக்கு ஐம்பதுகளில் ஒன்றும் இல்லை; 1972இல் ஒரு விடலைத்தனமான வேடிக்கைப் பாட்டுக்குத்தான் கொடுத்தார்கள். அவருடைய ‘ஜானி பி. குட்’ எட்டாம் இடத்தோடு நின்றது. 1977இல் வாயேஜர் விண்கலங்கள் சுமந்துபோன தங்கத் தட்டில், நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பாட்டோடு அதுவும் விண்மீன்களுக்கு இடையிலான வெளிக்குப் போயிருக்கிறது.

முதலிடம் பிடித்தவர்களைக் குறைத்துப் பேசவில்லை. 1955 ஜூலையிலிருந்து பில் ஹேலியின் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. முந்தைய ஆண்டு வெளிவந்தபோது பெரிதாக எடுபடாத பாட்டு அது. ஒரு சினிமாவின் டைட்டிலில் ஒலித்த பிறகுதான் தீப்பற்றியது. எல்விஸின் ‘ஹவுண்ட் டாக்’ தட்டு 1956இல் பதினோரு வாரம் முதலிடம். அந்தப் பாட்டை மூன்று ஆண்டுக்கு முன்பே பிக் மாமா தார்ன்டன் என்ற அம்மாள் உறுமிப் பாடி, சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஏழு வாரம் முதலிடத்தில் வைத்திருந்தார். எல்விஸ் இதையெல்லாம் அறியாதவர் இல்லை. 1969இல் லாஸ் வேகஸில் நிருபர்கள் அவரை ராக் அண்ட் ரோலின் ராஜா என்றபோது, கூட்டத்தில் இருந்த டாமினோவைக் காட்டி, உண்மையான ராஜா அதோ இருக்கிறார் என்றார்.

பட்டியலில் இருந்த சுவர் கச்சேரி அரங்கங்களிலும் இருந்தது. தென் மாநிலங்களில் டாமினோ வாசிக்கும்போது கூட்டத்தின் நடுவே கயிறு கட்டுவார்கள். ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பினத்தவர். பாட்டு சூடு பிடித்து ஆட்டம் தொடங்கினால் கயிறு எத்தனை நேரம் நிற்கும்? 1956இல் அவருடைய கச்சேரிகள் சில அடிதடியில் முடிந்தன. வட கரோலினாவின் ஃபயட்வில்லில் போலீஸ் கண்ணீர்ப் புகை வீச, டாமினோவும் குழுவும் ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார்கள். ராக் அண்ட் ரோல் இளைஞர்களைக் கெடுக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. மேடையில் இருந்தவரோ சிரித்த முகத்தோடு காதல் பாட்டுப் பாடி, கச்சேரி முடிவில் பியானோவை வயிற்றாலேயே முட்டி முட்டி மேடையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிற மனிதர்.

ஊர் ஊராகப் போனாலும் அவருக்குத் தன் ஊர்ச் சாப்பாடுதான் வேண்டும். பாத்திரத்தைக் கையோடு கொண்டுபோய் விடுதி அறையிலேயே சமைப்பார். பணமும் புகழும் வந்த பிறகும் பிறந்த பேட்டையை விட்டு நகரவில்லை. ஏழைகள் வாழும் லோயர் நைன்த் வார்டிலேயே வீடு கட்டினார். 2005 ஆகஸ்ட்டில் கத்ரீனா புயல் கரையை உடைத்து அந்தப் பேட்டையை மூழ்கடித்தபோது, மனைவியின் உடல்நிலை காரணமாக வீட்டிலேயே இருந்துவிட்டார். சில நாள் ஆளைப் பற்றித் தகவலே இல்லை. செத்துவிட்டார் என்று நம்பிய யாரோ அவர் வீட்டுச் சுவரில் அஞ்சலி வாசகம் எழுதிவிட்டுப் போனார்கள். பிறகுதான் படகில் மீட்கப்பட்டது தெரிந்தது. வெள்ளத்தில் பியானோக்கள் போயின, தங்கத் தட்டுகள் போயின. அவருடைய வெள்ளை நிற ஸ்டெயின்வே பியானோவைப் பின்னர் சீர்செய்து லூசியானா மாநில அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். டாமினோ 2017 அக்டோபர் 24 அன்று, எண்பத்தொன்பது வயதில் காலமானார்.

இந்தப் பாட்டுகள் எல்லாம் இப்போது கைபேசியிலேயே கிடைக்கின்றன. முதலில் ‘தி ஃபேட் மேன்’. பதிவு பழையது, சத்தம் கரகரப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்து ‘எய்ன்ட் தட் எ ஷேம்’ இரண்டு பேர் பாடியதும், டாமினோவை முதலில். பிறகு ‘புளூபெர்ரி ஹில்’. ஒட்டுப் போட்ட இடம் எது என்று தேடிப் பாருங்கள், என் காதுக்கு இன்னும் பிடிபடவில்லை. கடைசியாக ‘லேடி மடோனா’. அது பீட்டில்ஸ் பாட்டு. பால் மெக்கார்ட்னி 1968இல் டாமினோவை மனதில் வைத்து, அவரைப் போலவே பியானோ உருட்டி, அவரைப் போலவே குரலைக் கனமாக்கிப் பாடியது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் நாலாம் இடம். அதே ஆண்டில் டாமினோவும் அதைப் பாடி ஒரு தட்டு வெளியிட்டார். தன் கையைப் பார்த்து எழுதிய பாட்டை அந்தக் கையாலேயே வாசிக்கிறார். குரலில் ஒரு துளி கசப்பு இல்லை. அமெரிக்காவின் ‘ஹாட் 100’ பட்டியலில் அவர் பெயர் கடைசியாக வந்தது அந்தத் தட்டுக்குத்தான். கிடைத்த இடம் நூறு.